முதலில் எது எரிய வேண்டும்?

கஜா புயல் அடித்த மூன்றாம் நாள் காலை, பட்டுக்கோட்டையில் என் பேட்டரிக் கடையின் ஷட்டரைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தேன். கூரைத் தகரம் பாதி பறந்திருந்தது. உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். ரேக்கில் இருந்த பேட்டரிகள் மட்டும் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. நான் தண்ணீரைத் தள்ளி முடிப்பதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோர் கையிலும் அணைந்துபோன போன். ஒரு பையன் ஏழு போன்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டி, அது எந்த வீட்டுப் போன் என்று அவன் அம்மா எழுதியிருந்தார்.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அந்தப் புயல் கரையைக் கடந்தது. விழுந்த தென்னைகளுக்குக் கணக்கில்லை. டெல்டா மாவட்டங்களில் சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். கேரளத்திலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து, இரவு பகல் பாராமல் கம்பம் நட்டார்கள். அப்படியும் பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. எங்கள் தெருவுக்குப் பதினெட்டாம் நாள் வந்தது.

எங்கள் ஊரில் மாடி வீடு என்றால் இன்வெர்ட்டர் இருக்கும். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, மர ஸ்டாண்டு, மேலே சிவப்பு விளக்கு. அதில் பாதி நான் மாட்டிக் கொடுத்தவை. கரண்ட் போன அன்று வழக்கம்போல மின்விசிறியையும் டியூப் லைட்டையும் டிவியையும் ஓட விட்டார்கள். விடிவதற்குள் தெரு முழுக்க இன்வெர்ட்டர்கள் கத்தி ஓய்ந்தன. அதன்பிறகு அந்தப் பெரிய பேட்டரிகளால் யாருக்கும் பயனில்லை. திரும்ப ஏற்றக் கரண்ட் கிடையாது.

நான் கடையைத் திறந்த அன்று மத்தியானம் ஆலடிக்குமுளைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். தோளில் துண்டு, துண்டுக்குள் சுற்றிய ஒரு சின்னக் கறுப்பு பேட்டரி.

"தம்பி, இது மருந்தடிக்கிற மெஷின்ல உள்ளது. இதுல ஒரு லைட்டு எரியுமா? வீட்டுல பச்சப்புள்ள இருக்கு."

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.5 வோல்ட். 12 வோல்ட் 8 ஏ.எச். சீல்டு பேட்டரி, புயலுக்கு முந்திய வாரம் சார்ஜ் போட்டது. "எரியுங்கண்ணே" என்றேன். காரில் சிகரெட் லைட்டர் துவாரத்தில் சொருகும் போன் சார்ஜர் ஒன்று, 3 வாட் டி.சி. எல்.இ.டி. பல்பு ஒன்று, பிளஸ் வயரில் ஒரு ஃபியூஸ். இவ்வளவுதான் மாட்டிக் கொடுத்தேன். பிறகு கணக்கைச் சொன்னேன். 12ஐயும் 8ஐயும் பெருக்கினால் 96 வாட்-மணி. பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியை மட்டும் எடுக்கலாம், 48. மூன்று வாட் விளக்கு ஆறு மணி நேரத்துக்கு 18 எடுக்கும். ஒரு போனை நிரப்ப, வழியில் வீணாவதையும் சேர்த்து 15. ஆக, ஓர் இரவு விளக்கும் இரண்டு போனும்.

"அது போதுமே" என்றார்.

மறுநாள் அதே ஊரிலிருந்து பதினொரு பேர் மருந்தடிக்கும் மெஷினின் பேட்டரியோடு வந்தார்கள். மாடி வீடுகள் இருட்டில் இருந்தபோது, கூரை பிய்ந்த அந்த வீடுகளில் விளக்கு எரிந்தது. வந்த ஒவ்வொருவரிடமும் அந்தப் பதினெட்டு நாளும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "உங்க வீட்டுல முதல்ல எது எரியணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதற்கே எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

*

1993இல் தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகச் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். அந்தக் காலத்து லாரி பேட்டரிகள் கெட்டி ரப்பர் பெட்டியில் வரும். மேல் மூடியைத் தார் ஊற்றி அடைத்திருப்பார்கள். ஒரு செல் செத்துப்போனால், தாரை உருக்கி எடுத்து, அந்தச் செல்லின் தகடுகளை மட்டும் மாற்றி, ஈயம் உருக்கி ஒட்டி, திரும்பவும் தார் ஊற்றி மூடுவோம். பேட்டரியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கற்ற கடைசித் தலைமுறை எங்களுடையது. இன்றைக்கு வரும் பையன்களுக்கு அது மூடிய பெட்டி.

பாய் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது: "பேட்டரி கரண்டைத் தயார் பண்ணாது தம்பி. கடன்தான் குடுக்கும். வாங்குன கடனை அன்னன்னைக்கே அடைச்சுடணும்."

இதன் உள்ளர்த்தம் ரசாயனத்தில் இருக்கிறது. ஈய பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது, அதன் இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் போட்டால் அந்தப் படிவு கரைந்து தகடு பழைய நிலைக்கு வந்துவிடும். நாள்கணக்கில் அப்படியே விட்டால் படிவு இறுகிக் கல்லாகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. "சல்பேட் ஆயிடுச்சு" என்று கடையில் சொல்வது இதைத்தான். பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளாண்டே 1859இல் ஈய பேட்டரியைக் கண்டுபிடித்தார். அன்றைக்கும் இன்றைக்கும் அதன் சுபாவம் இதுதான்.

தொண்ணூறுகளில் வீட்டு உபயோகத்துக்கு வந்த சின்ன பேட்டரி என்றால் எமர்ஜென்சி லைட்தான். உள்ளே 6 வோல்ட் 4.5 ஏ.எச். பேட்டரி, முன்பக்கம் இரண்டு குட்டி டியூப். பிப்ரவரி வந்தால் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளின் அப்பாக்கள் வரிசையாக வாங்குவார்கள். பரீட்சை முடிந்ததும், எரிந்து தீர்ந்த நிலையிலேயே அது பீரோ மேல் ஏறிவிடும். அடுத்த பிப்ரவரியில் தூசு தட்டிக் கொண்டுவருவார்கள். "போன வருஷம் வாங்குனது, ஒரு மாசம்கூட உழைக்கல" என்பார்கள். திறந்து பார்த்தால் பேட்டரி இரண்டு பக்கமும் உப்பியிருக்கும். ஒரு மாதம் உழைத்தது அந்தப் பேட்டரி. பதினொரு மாதம் பட்டினி கிடந்து செத்தது. இப்படிச் செத்த பேட்டரிகளை நான் எண்ணியிருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். நேர்ந்த கோளாறு ஒன்றேதான்.

இன்னொரு பாடத்தை என் முகம் கற்றது. 1996 என்று நினைவு. ஒரு லாரி பேட்டரி இரவு முழுக்கச் சார்ஜில் இருந்தது. காலையில் வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். சார்ஜரை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்கினேன். சிறு பொறி, அடுத்த நொடி வெடி. சார்ஜ் ஏறும் ஈய பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும் என்று பாய் நூறு தடவை சொல்லியிருந்தார். மூடி சிதறி ஆசிட் முகத்தில் தெறித்தது. பாய் என்னை இழுத்துப்போய்த் தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கி, வெகு நேரம் ஊற்றி ஊற்றிக் கழுவினார். அதன்பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண் தப்பியது அந்தத் தண்ணீரால் என்று டாக்டர் சொன்னார். இடது புருவத்தில் இன்றும் ஓர் இடத்தில் முடி முளைக்காது. என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு முதல் நாள் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறேன். முதலில் சுவிட்சை அணை, பிறகு கிளிப்பைக் கழற்று. பேட்டரி இருக்கும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும், ஊதுபத்தி எரியக் கூடாது. ஆசிட் பட்டால் யோசிக்காமல் தண்ணீர்.

*

2012ஆம் வருஷத்தைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்தடை. எங்களுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். மாவு அரைப்பதும் மோட்டார் போடுவதும் துணி தேய்ப்பதும் கடிகாரத்தைப் பார்த்துத்தான். அந்த வருஷம் நான் விற்ற இன்வெர்ட்டர்கள் அதற்கு முந்திய பத்து வருஷத்தில் விற்றதைவிட அதிகம். சொந்தமாகக் கடை போட்டு நான் நிமிர்ந்தது அந்தக் காசில்தான்.

அடுத்த வருஷமே அந்தப் பேட்டரிகள் வரிசையாகத் திரும்பி வரத் தொடங்கின. மூன்று, நான்கு வருஷம் உழைக்க வேண்டியவை பதினைந்து மாதத்தில் சாய்ந்தன. "கம்பெனி சரியில்லை" என்றார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. நிறைந்த பேட்டரியில் ஆசிட்டின் அடர்த்தி 1.240க்கு மேல் நிற்க வேண்டும். வந்தவற்றில் பலவும் 1.150ஐத் தாண்டவில்லை. 150 ஏ.எச். பேட்டரி முழுதாக நிறையப் பத்து மணி நேரமாவது தொடர்ந்து கரண்ட் வேண்டும். ஒரு மணி நேரம் ஏறி, ஒரு மணி நேரம் இறங்கியதால் அது ஒரு நாளும் நிறையவில்லை. பாய் சொன்ன கடன் மாதக்கணக்கில் அடைபடாமலே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் கடைக்கு வந்தார். தனியாக இருப்பவர். 2012இல் அவர் வந்து கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, ராத்திரி படிக்க ஒரு விளக்கு வேணும், ரேடியோ பாடணும், பையன் வெளிநாட்டுலேர்ந்து கூப்பிட்டா போன் எடுக்கணும்." நான் 850 வி.ஏ. இன்வெர்ட்டரையும் 150 ஏ.எச். பேட்டரியையும் அவர் தலையில் கட்டினேன். அன்றைக்கு எல்லோருக்கும் அதைத்தான் கொடுத்தேன். பென்ஷன் பணத்திலிருந்து மூன்று தவணையில் கட்டினார். பதினான்காம் மாதம் பேட்டரி செத்தது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற அவரால் குனிந்து மூடியைத் திறக்க முடியவில்லை. ஆள் வைத்து ஊற்றச் சொன்னபோது, வந்தவன் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறான்.

நான் புதுப் பேட்டரி விலையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நான் கேட்டது ஒரு விளக்குதானேப்பா?" என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அவர் விளக்கு 5 வாட்டில் முடியும். ரேடியோவுக்கு ஒரு வாட். அந்த இன்வெர்ட்டரோ, எதுவுமே எரியாமல் சும்மா உயிரோடு இருப்பதற்கே 12 வாட்டுக்குக் குறையாமல் தின்கிறது. ஆறு வாட் வேலைக்குப் பன்னிரண்டு வாட் கூலி. ஒரு படி நெல்லைக் கொண்டுபோக மாட்டு வண்டி கட்டியிருக்கிறேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். இன்வெர்ட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 12 வோல்ட் 7 ஏ.எச். சீல்டு பேட்டரி ஒன்றும், நிறைந்ததும் தானே அடங்கும் சார்ஜர் ஒன்றும், டி.சி. பல்பும் வைத்தேன். தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது. எடை இரண்டே கால் கிலோ, அவரே தூக்கி நகர்த்தலாம். மீதிப் பணத்தைக் கொடுத்தபோது வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். கேட்டதைக் காதில் வாங்காமல் விற்பது தொழில் தெரியாததற்குச் சமம். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்த டீச்சரம்மா.

*

வீட்டில் இருக்கும் சின்னச் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. போன், வைஃபை ரூட்டர், சி.சி.டி.வி. கேமரா, எல்.இ.டி. பல்பு, ரேடியோ, எதற்குமே உள்ளுக்குள் 230 வோல்ட் தேவையில்லை. சுவரில் சொருகும் அடாப்டர் 230ஐ இறக்கி 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ 12 வோல்ட்டாகவோ கொடுக்கிறது. இன்வெர்ட்டர் வழியாக ரூட்டரை ஓட்டும்போது, 12 வோல்ட் பேட்டரியை 230க்கு ஏற்றி, அடாப்டர் அதைத் திரும்ப 12க்கு இறக்குகிறது. ஏறும்போது ஒரு நஷ்டம், இறங்கும்போது இன்னொரு நஷ்டம். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் இரண்டும் மிச்சம்.

ரூட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய லேண்ட்லைன் போன் கரண்ட் போனாலும் பேசியது ஏன் என்று பலருக்குத் தெரியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி வரிசை இருக்கும். செம்புக் கம்பி வழியாக அந்தக் கரண்டே உங்கள் வீட்டுப் போனுக்கு வந்தது. இப்போது வருவது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் வரும், கரண்ட் வராது. வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கு நீங்கள்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். ஊர் முழுக்கச் செம்பு போய் இழை வந்தபோது, இந்தப் பொறுப்பும் சத்தமில்லாமல் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. 2020இல் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்தபோதுதான் பல பெற்றோர் இதைக் கண்டுகொண்டார்கள். கரண்ட் போனால் பாடம் போனது.

அதன்பிறகு ரூட்டருக்கென்றே குட்டி யு.பி.எஸ். வந்தது. உள்ளங்கை அளவுப் பெட்டி, உள்ளே மூன்று லித்தியம் செல். 2000 எம்.ஏ.எச். செல் மூன்று என்றால் சுமார் 22 வாட்-மணி. ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று போட்டிருக்கும், அதாவது 12 வாட் வரை. ஆனால் நான் மீட்டர் வைத்துப் பார்த்த ரூட்டர்களில் பெரும்பாலானவை ஆறு, ஏழு வாட்டுக்கு மேல் இழுப்பதில்லை. ஆகவே இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். அன்றாட மின்தடைக்கு இது தாராளம்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரூட்டரின் அடாப்டரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். 'அவுட்புட்' என்று போட்ட இடத்தில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதிகமோ இருக்கலாம். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று ஒரு சின்ன வட்டப் படம் காட்டும், அதையும் ஒத்துப் பார்க்க வேண்டும். 9 வோல்ட் பெட்டியில் 12ஐச் சொருகி எரித்துக்கொண்டு வந்தவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

சீல்டு பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 12 வோல்ட் பேட்டரி உண்மையில் 12இல் நிற்காது. நிறைந்திருக்கும்போது 12.7, சார்ஜ் ஏறும்போது 14ஐயும் தாண்டும். மென்மையான சாதனத்துக்கு நடுவில் ரெகுலேட்டர் வேண்டும். இரண்டாவது, ஃபியூஸ். கைக்கு அடக்கமான அந்த 7 ஏ.எச். பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸும் தவறித் தொட்டுக்கொண்டால் கண நேரத்தில் வயர் சிவந்து தோல் உருகித் தீப்பிடிக்கும். பைக்கில் போடுகிற சாதாரண ஃபியூஸ், சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதைப் பிளஸ் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே போடாமல் எந்தப் பேட்டரியும் என் கடையை விட்டு வெளியே போகாது.

*

லித்தியம் வந்தபோது என் போன்ற ஈயக்காரர்கள் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயன் பேட்டரி, எங்கள் பெஞ்சுக்கு வரச் செல்போன் பெருக வேண்டியிருந்தது. அதே சக்திக்கு எடை மிகக் குறைவு, தண்ணீர் வேண்டாம், ஆசிட் இல்லை. அதை உருவாக்கிய மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் இதன் சுபாவமே வேறு. ஈயம் பசியோடு தூங்கக் கூடாது. லித்தியம் வயிறு முட்டத் தூங்கக் கூடாது. மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் ஈய பேட்டரியை நிரப்பி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் சார்ஜ் போட வேண்டும். லித்தியத்தைப் பாதி அளவில், வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். இரண்டுக்கும் பொது எதிரி வெப்பம். தகரக் கூரைக்கு அடியிலும் ஸ்டவ்வுக்குப் பக்கத்திலும் வைத்த பேட்டரி எதுவும் நீண்ட நாள் வாழ்ந்து நான் பார்த்ததில்லை.

பவர் பேங்க் மேல் 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. போனுக்கு 5 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும்போது நஷ்டமும் சேர்ந்து கைக்கு வருவது ஆறாயிரம் சொச்சம். 5,000 எம்.ஏ.எச். போனை ஒரு தடவை நிரப்பிவிட்டு, அதற்கு மேல் கொஞ்சம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அளவுகோல்தான் வேறு. ஆகவே எம்.ஏ.எச்.ஸைப் பார்க்காதீர்கள், வாட்-மணியைப் பாருங்கள். நல்ல கம்பெனிப் பெட்டியில் அது சின்ன எழுத்தில் இருக்கும்.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. டார்ச்சில் போடும் விரல் பருமன் 18650 செல்லில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்த அளவுச் செல்லில் சந்தையில் கிடைக்கும் நல்லவையே 3500ஐ ஒட்டித்தான் நிற்கும். 9900 என்று எழுதியவற்றைச் சோதித்தால் பலவும் ஆயிரம்கூடத் தேறுவதில்லை. பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, நல்லதும் கெட்டதுமாகக் கலந்து, புதுத் தோல் சுற்றி விற்பதும் நடக்கிறது. ஒன்றுக்கொன்று பொருந்தாத செல்களைக் காப்பு சர்க்யூட் இல்லாமல் கோத்தால் பலவீனமான செல் சூடேறித் தீப்பிடிக்கலாம். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், திரும்பச் சார்ஜ் போடாதீர்கள். மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போடுவதையும் தலையணைக்கு அடியில் போனை வைத்துத் தூங்குவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு நான் இப்போது சிபாரிசு செய்வது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். செல் ஒன்று 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8. மற்ற லித்தியத்தைவிடச் சூட்டைத் தாங்கும், ஈயத்தைவிடப் பல மடங்கு தடவை ஏற்றி இறக்கலாம். விலை கூடுதல்தான். தேவையைச் சரியாகக் கணக்குப் போட்டுச் சின்னதாக வாங்குபவருக்கு அது கட்டுப்படியாகும்.

*

கஜா நாட்களுக்குத் திரும்புகிறேன். கடையில் இருந்த சார்ஜ் ஐந்தாம் நாள் ஏறக்குறைய தீர்ந்தது. பக்கத்துத் தோப்புக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். விழுந்த மரம் அறுக்க ஆள் வரும்வரை அவர் வண்டிக்கு வேலை இல்லை. என்ஜினை ஓடவிட்டு, டிராக்டர் பேட்டரி டெர்மினலிலிருந்து வயர் இழுத்து, சின்னப் பேட்டரிகளை ஏற்றினோம். ஒவ்வொரு பேட்டரிக்கும் நடுவில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. காலியான பேட்டரி என்றால் பல்பின் இழை சிவக்கும், நிறைந்துவர மங்கி அணையும். கரண்ட் அளவுக்கு மேல் பாயாமல் பல்பு பிடித்துக்கொள்ளும். பாய் ஒர்க்‌ஷாப்பில் கற்ற பழைய வித்தை. வந்தவர்கள் டீசலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். போட முடியாதவர்களிடம் அந்தத் தோப்புக்காரர் கேட்கவில்லை. அவர் தோப்பில் அன்றைக்கு ஒரு தென்னைகூட நிற்கவில்லை.

அப்போது ஓர் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீசிங் உள்ள பிள்ளை. நெபுலைசரை ஓட்ட முடியுமா என்று கேட்டார். அது கம்ப்ரஸர் வைத்த 230 வோல்ட் மெஷின், நூறு வாட்டுக்கு மேல் இழுப்பது. கடையில் மிச்சமிருந்த ஒரே பெரிய பேட்டரியை அதற்கென்று ஒதுக்கினேன். போன் வரிசையில் நின்ற யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. புயல் ஓய்ந்த பிறகு, டாக்டரிடம் கேட்டு, கையடக்கமாக பேட்டரியில் ஓடும் நெபுலைசர் ஒன்றை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் சொல்வது இது: மூச்சு சம்பந்தப்பட்ட கருவிக்கென்று தனி பேட்டரி இருக்கட்டும். அதில் போன் சார்ஜ் போடாதீர்கள். கருவி நின்றால் அடுத்து என்ன செய்வது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள்.

செத்த பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை உடைத்து ஈயம் எடுத்து விற்பதும், ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. மண்ணில் கலந்தால் போகாது. பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் எடைக்கு விலை உண்டு. அதைச் சேகரித்து முறையாக மறுசுழற்சி செய்வது உற்பத்தியாளரின் கடமை என்று 2022இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. லித்தியமும் அதில் அடக்கம். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

இனி என் வேண்டுகோள். நம் பக்கத்தில் ஆயுத பூசையன்று அரிவாள், அரிவாள்மணை முதல் டிராக்டர் வரை கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். இன்வெர்ட்டருக்கும் வைக்கிறோம். இந்த வருஷம் பொட்டு வைக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். வீட்டில் உள்ள அடாப்டர்களைத் திருப்பிப் பார்த்து, எது எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில், கரண்ட் போனால் முதலில் எது எரிய வேண்டும், இரண்டாவது எது, எது எரியாவிட்டாலும் பரவாயில்லை என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பிறகு மெயின் சுவிட்சை இரண்டு மணி நேரம் அணைத்துவிட்டு, இருக்கும் பேட்டரி உண்மையிலேயே தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்காவிட்டால் மாற்ற அப்போது கடை திறந்திருக்கும், கரண்டும் இருக்கும்.

தானே புயல் வந்தது டிசம்பர் 30. வர்தா புயல் டிசம்பர் 12. நம் கரையைத் தாக்கும் பெரும் புயல்கள் பெரும்பாலும் ஆயுத பூசைக்குப் பிறகுதான் வருகின்றன. 2018இல் ஆயுத பூசை அக்டோபர் 18. கஜா வந்தது நவம்பர் 16. நடுவில் எங்களுக்கு 29 நாள் இருந்தது.